இரண்டாவது பட்டை

வெள்ளூரணி அரசு மருத்துவமனையின் ஆறாம் எண் அறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது அந்தக் குரல் பேசியது.

"கழுத்த நெரிச்சிருக்கான்."

டாக்டர் குலசேகரன் நோயாளியைப் பார்த்தார். நோயாளி தன் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மேஜைமேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியைப் பார்த்தார். கதவோரம் நின்ற சிஸ்டர் பியூலா யாரையும் பார்க்காமல், கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

அந்தக் கருவி அங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்கும், பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் என்று செய்தது. இரண்டு விரல் அகலத்தில் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை. அதைக் கொண்டுவந்து பொருத்தியவள் நிறைமதி என்ற இளம் இன்ஜினியர்.

"நாம மனசுக்குள்ள ஏதாவது சொல்லிக்கிறோம்ல சார், பஸ்ஸ இன்னும் காணோமேன்னோ, இந்த ஆளு எப்பப் போவான்னோ. அப்பக்கூட தொண்டைத் தசை லேசா அசையும். நமக்கே தெரியாது. பட்டை அதைப் படிச்சு வெளிய சொல்லிரும்."

மனசில் இருப்பதையெல்லாமா என்று குலசேகரன் கேட்டார்.

"எல்லாத்தையும் இல்ல சார். வார்த்தையாகித் தொண்டை வரைக்கும் வந்ததை மட்டும். நாக்குக்கு வராம முழுங்கிட்டோம்னு சொல்லுவோமே, அது."

பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று நோயாளிக்கு. இன்னொன்று டாக்டருக்கு. நல்ல தொண்டை எப்படி அசைகிறது என்று பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கெட்டுப்போன தொண்டையைக் கருவியால் புரிந்துகொள்ள முடியும் என்றாள் நிறைமதி. டாக்டரின் பட்டையிலிருந்து சத்தம் வராது, அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறோம் என்றும் சொன்னாள். முதல் வாரம் குலசேகரனுக்குக் கழுத்து அரித்தது. பிறகு கைக்கடிகாரம் மாதிரி அதையும் மறந்துவிட்டார்.

கருவி நன்றாகவே வேலை செய்தது. குரல்வளை எடுக்கப்பட்டு இரண்டு வருடமாகப் பேசாதிருந்த ஒரு பழைய பஸ் கண்டக்டர், பட்டையைக் கட்டியதும் மனைவியைப் பார்த்து முதலில் சொன்னது, குழம்பில் உப்பு போதவில்லை என்பதுதான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரே ஒரு சங்கடம், எல்லோருக்கும் ஒரே குரல். ஆணென்றும் சொல்ல முடியாது, பெண்ணென்றும் சொல்ல முடியாது. வயது கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது.

உலகம்மாளுக்கு இருபத்தாறு வயது. தீப்பெட்டி ஆலையில் வேலை. பத்து நாளாகக் குரல் கம்மிக்கிடக்கிறது என்று மாமியார் சீனியம்மாள் அவளைக் கூட்டிவந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். ஐஸ் தண்ணீரைக் குடித்துவிட்டாள், மொட்டைமாடியில் படுத்தாள், பனி ஒத்துக்கொள்ளவில்லை. குலசேகரன் தலையை ஆட்டிக்கொண்டே கேமராக் குழாயைத் தொண்டைக்குள் இறக்கிப் பார்த்தார். குரல்நாண்கள் வீங்கி, ஒரு பக்கம் கருநீலமாகக் கன்றியிருந்தது. இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைவிழியில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். பனிக்கு அப்படி வராது. ஐஸ் தண்ணீருக்கும் வராது. எதற்கு வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அந்த இருபத்திரண்டு வருடமும் இப்படி வந்தவர்களுக்கு அவர் செய்தது ஒன்றுதான். சீட்டில் 'தொண்டை அழற்சி' என்று எழுதுவார். அறை வாங்கிச் செவிப்பறை கிழிந்து வந்தால், 'குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்' என்று எழுதுவார். அது பொய்யில்லை, அவர்கள் அப்படித்தான் கூறினார்கள். வெளியே எழுபது பேர் வரிசையில் நிற்பார்கள். கேட்டால் அழுவார்கள், அழுதால் அரைமணி நேரம் போய்விடும், அப்புறம் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. ஆகவே கேட்பதில்லை.

அன்றும் கேட்கவில்லை. குரலுக்கு ஓய்வு வேண்டும், வாயைத் திறக்காமல் இது வழியாகப் பதில் சொல்லும்மா என்று மட்டும் சொல்லிப் பட்டையை அவள் கழுத்தில் கட்டிவிட்டார். அவள் கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்றும் வந்தது.

"அடுத்த தடவ உசுரு போயிரும்."

உலகம்மாள் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் சொல்லல," என்றாள், காற்றாக. "அத்த, சத்தியமா நான் நெனைக்கக்கூட இல்ல."

சீனியம்மாள் எழுந்து, பட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மருந்துச் சீட்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

குலசேகரனுக்குக் கைமுடி சிலிர்த்து அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ஆனாலும் விஷயம் வெளியே வந்துவிட்டது. அன்று மாலையே பெண்கள் உதவி மையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கருவியில் பதிவான குரலையும் சேர்த்து அனுப்பினார். 'நோயாளி கருவி மூலம் தெரிவித்தது' என்று அதற்குத் தலைப்புப் போட்டார்.

மையம் அதைக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. மறுநாள் மதியம் இரண்டு போலீஸ்காரர்கள் அந்த வீட்டுக்குப் போய், புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நீ இப்படிச் சொன்னாயா என்று உலகம்மாளிடம் கேட்டார்கள். இல்லை என்றாள். எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அதற்கு அடுத்த நாள் புருஷனே மருத்துவமனைக்கு வந்தான். அருணகிரி என்று பேர், செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கிற வேலை. தேய்த்த சட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்த குலசேகரனுக்கு அவனுடைய மரியாதை என்னவோபோல் இருந்தது.

"அவ வாயால சொன்னாளா சார்?"

"வாயால சொல்லல. கருவி சொல்லிச்சு."

"அப்ப உள்ளுக்குள்ள சொல்லியிருக்கா." உபயோகமான ஒரு விவரத்தைத் தெரிந்துகொண்டவன்போல் தலையசைத்தான். "தொண்ட அசையும்னாங்களே சார். கைய வெச்சுப் பார்த்தா நமக்குத் தெரியுமா?"

கையால் தெரியாது, அதற்குக் கருவி வேண்டும் என்றார் குலசேகரன். அருணகிரி கும்பிட்டுவிட்டுப் போனான். எதற்காக அப்படிக் கேட்டான் என்று அன்று அவர் யோசிக்கவில்லை.

அந்த வாரமும் அடுத்த வாரமும் காயத்தோடு வந்த பெண்களுக்கெல்லாம் குலசேகரன் பட்டையைக் கட்டிவிட்டார், குரல் பேசிக்கொண்டே இருந்தது. காதில் ரத்தம் வடிய வந்த ஒரு பெண்ணின் முன்னால், "அறைஞ்சிருக்கான்" என்றது. மூக்கெலும்பு முறிந்து, மாடு முட்டிவிட்டது என்று சொன்ன ஒருத்தியின் முன்னால், "மாடு இல்ல" என்றது. அவர்கள் அலறவில்லை. எழுந்து போனார்கள், அவ்வளவுதான். ஆறாம் நம்பர் அறைக்குப் போனால் உள்ளே இருப்பதை உருவிக்கொள்கிறார்கள் என்று தீப்பெட்டி ஆலைகளில் பேச்சுப் பரவியது. வரிசையில் பெண்கள் குறைந்தார்கள். பிறகு ஒருத்திகூட வரவில்லை. இந்த ஊரில் பெண்களுக்குக் காதுவலியே கிடையாது என்று நினைக்கும்படி ஆகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மதியம், நோயாளிகள் எல்லோரும் போனபிறகு, குலசேகரன் கைகழுவிக்கொண்டிருந்தார். நோயாளியின் பட்டை அதன் பெட்டிக்குள் மூடிக் கிடந்தது. வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"உலகம்மா வரல," என்றது ஒலிபெருக்கி.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். அறையில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். பட்டை சுருண்டு கிடந்தது, அதன் விளக்குக்கூட எரியவில்லை.

"கேக்காமயே அனுப்பிட்ட."

அந்த வயதில்லாத குரல் யாரையும் திட்டவில்லை, சும்மா சொல்லிக்கொண்டிருந்தது. "எத்தன பேரு. எத்தன பேரு." குலசேகரனின் கை தானாகவே மேலே போய்த் தன் கழுத்தைத் தொட்டது. பட்டையின் அடியில் தொண்டை எலிக்குஞ்சு மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அறை அமைதியாகிவிட்டது.

கதவோரத்தில் பியூலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அன்னைக்கே எனக்குத் தோணுச்சு சார்," என்றாள். "அது அந்தப் புள்ள பேச்சில்ல. 'நெரிச்சிருக்கான்'னு எந்தப் பொண்டாட்டியும் சொல்ல மாட்டா. நெஞ்சுக்குள்ளகூட 'நெரிச்சிட்டாரு'ன்னுதான் சொல்லுவா."

"ஏன் சிஸ்டர் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

நிறைமதி மறுநாள் வந்து எல்லாப் பதிவுகளையும் பிரித்துப் பார்த்தாள். போன மாதம் கருவியின் நிரலைப் புதுப்பித்தபோது, அடைத்து வைத்திருந்த இரண்டாவது வழி திறந்துகொண்டிருக்கிறது. அது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. அந்தப் பெண்கள் முன்னால் பேசியதெல்லாம் டாக்டரின் பட்டை. மன்னிப்புக் கேட்டாள். குலசேகரன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் பொண்ணோட பட்டையில என்ன இருந்துச்சு?"

அவள் மறுபடி பதிவைப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல சார். பதினோரு நிமிஷம் கட்டியிருக்காங்க. ஒரு வார்த்தைகூட இல்ல. பயந்தவங்ககூட உள்ளுக்குள்ள சாமியக் கூப்பிடுவாங்க. இவங்க தொண்டை அசையவே இல்ல. தூங்குறவங்ககிட்டகூட இவ்வளவு அமைதிய நான் பார்த்ததில்ல."

அன்று சாயங்காலம் குலசேகரன் நடந்தே வீட்டுக்குப் போனார். தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதைத் தன் தொண்டை சொல்லியிருக்கிறது. அதைச் சொன்ன பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. அவள் வாயால் சொல்லாததற்கு, நெஞ்சாலும் சொல்லாததற்கு, அந்த வீட்டில் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இதை நினைத்தபோது அவருக்கு நடுரோட்டில் கால் நின்றுவிட்டது.

இந்தத் தடவை அவர் கடிதம் எழுதவில்லை. உதவி மையத்துக்கு நேரில் போய், கனகவல்லி என்ற அதிகாரியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம், அவளே மருத்துவமனைக்கு வரும்படி செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். தொண்டை வீக்கத்தை மறுபடி பார்க்காவிட்டால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்று கிராம நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பினார். குழாய் விடும் அறைக்குள் நோயாளியைத் தவிர யாரும் வரக்கூடாது என்று கதவில் ஒரு தாளும் ஒட்டினார். அந்தத் தாள் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே ஒட்டியிருக்க வேண்டியது.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அருணகிரி மனைவியின் தோளைத் தொட்டபடி உள்ளே வரப் பார்த்தான். பியூலா அவன் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, எதிர்க் கட்டடத்தில் முத்திரை வாங்கிவரச் சொன்னாள். அவன் மறுபடியும் மரியாதையாகவே தலையசைத்தான். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு மூடியது.

அறையில் பட்டை இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

"உலகம்மா, அன்னைக்குப் பேசினது நீ இல்ல. அது என் தொண்டை. நான் நெனைச்சு, கேக்க பயந்து முழுங்கினது. உன் மேல தப்பே இல்ல. இப்ப வாயத் தொறந்து கேக்கிறேன். உன் கழுத்த யாராவது நெரிச்சாங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ இருமுவது கேட்டது. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போயிற்று. அது போய் வெகுநேரம் கழித்து அவள் பேசினாள். சொற்கள் நடுவில் காற்றாகிக் காற்றாகி வந்தன.

"தெனமும் வேல முடிஞ்சு வந்ததும் என்னய எதுக்க உக்கார வெப்பாரு சார். ரெண்டு வெரல இங்க வெப்பாரு." தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "அசையுதான்னு பாப்பாரு. அசைஞ்சா, என்ன சொன்ன, என்ன சொன்னன்னு கேப்பாரு. எச்சி முழுங்கினாலும் கேப்பாரு."

குலசேகரனுக்கு அந்தத் தேய்த்த சட்டையும் அந்தக் கேள்வியும் ஞாபகம் வந்தது. கையால் தெரியாது, கருவி வேண்டும் என்று அவர் பாடம் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"நான் நெனைக்காம இருக்கப் பழகிட்டேன் சார். முன்னயே கொஞ்சம் பழக்கந்தான். இப்ப சுத்தமா வருது." இதை அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. "நெரிச்சிட்டாருதான். மூணு தடவ."

பின்கேட்டில் வண்டி நிற்கிறது, மையத்திலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார், நீ சரியென்றால் மட்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். உலகம்மாள் கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"என்னய அப்புறம் பாருங்க. மொதல்ல எங்க அத்தயக் கூப்புடுங்க."

"அவங்களுக்கு என்ன?"

"போலீஸு வந்தத வெச்சு போன வாரம் மறுபடி என் கழுத்துக்கு வந்தாரு. அவ ஒண்ணும் சொல்லல, நான் பக்கத்துலதான் இருந்தேன்னு அத்த குறுக்க வந்தாக. என்னய விட்டுட்டு அவுகளப் புடிச்சிட்டாரு. நாலு நாளா அவுகளுக்குத் தண்ணிகூட எறங்கல. வெளிய சொல்லப்படாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காக."

பியூலா சீனியம்மாளை உள்ளே அழைத்துவந்தாள். அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவர், இன்று சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றி இழுத்துப் பிடித்தபடி நின்றார். குலசேகரன் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போகும்போது சீட்டியடித்தது. குலசேகரன் தலைப்பை மெதுவாக விலக்கினார். பார்த்ததும் பியூலாவிடம் ஆக்சிஜனை எடுக்கச் சொன்னார்.

இருவரையும் பின்பக்க வழியாக ஆம்புலன்ஸில் ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்குக் குலசேகரனே கூடப் போனார். சீனியம்மாளின் குரல்வளைக் குருத்தெலும்பு விரிசல் விட்டிருந்தது. வீக்கம் மூச்சுக்குழாயை ஒரு வைக்கோல் துளை அளவுக்கு நெருக்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் தூக்கத்திலேயே முடிந்திருக்கும் என்றார்கள் அங்கே. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அருணகிரி படிவத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவந்தபோது ஆறாம் அறையில் கனகவல்லியும் இரண்டு பெண் போலீசாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

உலகம்மாளின் சீட்டில் குலசேகரன் எழுதினார்: 'கழுத்தை நெரித்ததால் ஏற்பட்ட காயம். நான் கேட்டேன். அவர் சொன்னார்.'

மூன்று வாரம் கழித்து வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்தார். எழுதத் தெரியாத சீனியம்மாள், அந்தப் பட்டை எங்கே என்று சைகையால் கேட்டார். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று குலசேகரன் இரண்டு தடவை சொன்னார். அவர் தானே வாங்கி, குழாய்க்கு மேலே தானே கட்டிக்கொண்டார். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எம் மகன்தான். நான் பெத்த மகன். அவன் அப்பனும் இப்படித்தான். என்னய ஒருத்தரும் கேக்கல."

கார்த்திகை பிறந்தபோது நிறைமதி தொலைபேசியில் கூப்பிட்டாள். பழுதைச் சரிசெய்வதற்காக, இதே கருவி இருக்கிற மற்ற மருத்துவமனைகளின் பதிவுகளையும் பிரித்துப் பார்த்தார்களாம். அங்கெல்லாம் இரண்டாவது வழி அடைபட்டே இருந்ததால் ஒரு வார்த்தையும் வெளியே கேட்கவில்லை. ஆனால் பதிவாகியிருக்கிறது.

"முப்பத்தொரு ஆஸ்பத்திரி சார். இருபத்தெட்டுல டாக்டர் பட்டையில அதே 'கழுத்த நெரிச்சிருக்கான்' இருக்கு. ஊருக்கு ஊரு பேச்சு மாறுது, அவ்வளவுதான். ஒருத்தர் ஒரே நாள்ல ஒன்பது தடவ முழுங்கியிருக்கார்." குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. பேர் கேக்காதீங்க சார், தர முடியாது."

அவர் பேர் கேட்கவில்லை. அழித்துவிடும்மா என்றார். கருவி எந்தெந்த ஊரில் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. அதில் ஓர் ஊரில் அவரோடு படித்த தமயந்தி காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்தாள். அன்று பிற்பகல் அவளைக் கூப்பிட்டார். சுகம் விசாரித்துக்கொண்டார்கள். அவள் மகன் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னாள். பின்னால் நோயாளிகளின் சலசலப்பு கேட்டது.

"தமயந்தி, ஒண்ணு கேக்கணும். வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டு வர்றவங்கள நீ என்ன பண்றே?"

குலசேகரன் காத்திருந்தார். மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது, காலடி கேட்டது, கதவு ஒன்று சாத்தப்பட்டது. பின்னாலிருந்த சலசலப்பு அடங்கியது.

"கதவச் சாத்திட்டேன்," என்றாள் தமயந்தி. "கேளு."